காளிச்சாமி சொன்ன முதல் ‘இல்லீங்க’

சரவணம்பட்டியில் காளிச்சாமி வீட்டு ஏணி எங்கே இருக்கிறது என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கேட்டவருக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து, அது கடைசியாக யார் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஏணி மட்டுமா? அவருடைய மோட்டார் சைக்கிள், டிரில்லிங் மிஷின், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வாசலில் நின்று யார் எதைக் கேட்டாலும் மனிதர் ‘சரிங்க’ என்று சொல்லிவிடுவார். நாற்பத்தாறு வயதுவரை யாருக்கும் ஒரு தடவைகூட ‘இல்லீங்க’ என்று அவர் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே மறுப்பது யாருக்குமே கைவராத வித்தைதான். முடியாது என்பதையும் ‘பாக்கலாமுங்க’ என்றுதான் சொல்வோம். கேட்டவரும் புரிந்துகொண்டு, முகம் கோணாமல் வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவார். காளிச்சாமிக்கு அந்தப் ‘பாக்கலாமுங்க’கூட வாயில் வராது. அவருடைய அப்பா பீளமேட்டில் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு ஆளாக இருந்தவர். காலையில் ‘சரிங்க’, சாயங்காலம் ‘சரிங்க’. அதற்கு மேல் அந்த மனிதரிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. பிறகு தோட்டம் இருந்த இடத்தில் மோட்டார் பம்ப் பட்டறை வந்தது. தோட்டக்காரருடைய மகன் நரசிம்மலு பட்டறைக்கு முதலாளி ஆனார், பண்ணையத்து ஆளுடைய மகன் காளிச்சாமி அதே பட்டறையில் லேத் ஓட்டினார். தொழில் மாறியதே தவிர, அப்பாவின் ‘சரிங்க’ மகனிடம் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது.

காளிச்சாமி வீட்டில் பொம்மி என்று ஒரு நாய். நல்ல கறுப்பு, கண்களுக்கு மேலே செம்பழுப்பில் இரண்டு பொட்டு. இப்படி இருப்பதை நாலுகண்ணு நாய் என்பார்கள். காவலுக்கும் சரி, ராசிக்கும் சரி, அதை மிஞ்ச ஒன்றில்லை என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. போன வருஷம் பொம்மி முதல் ஈத்தில் ஐந்து குட்டி போட்டது. குட்டிகள் கண் திறக்கிறவரைதான் தெரு பொறுத்தது. கண் திறந்ததும் தூக்கிவிட வேண்டும், முதலில் பார்க்கிற முகம்தான் அதற்கு எசமான், தாய்ப்பால் அதிகம் குடித்த குட்டி தாய் பின்னாலேயே ஓடும் என்று ஆளுக்கொரு சாஸ்திரத்தோடு வந்தார்கள். காளிச்சாமியின் மச்சான் ஒன்றைத் தூக்கினார். மளிகைக்கடைக்காரர் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். எல்லோருக்கும் ‘சரிங்க’தான்.

ஐந்தும் செத்துப்போயின. ஒன்று பாக்கெட் பால் குடித்து வயிறு ஊதிச் செத்தது, இரண்டு ரத்தமாகப் பேதியாகிச் செத்தன, மற்ற இரண்டும் என்னவென்றே தெரியாமல் கத்திக் கத்தி ஓய்ந்தன. வாங்கிப்போனவர்கள் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். பொம்மி மறக்கவில்லை. ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கு அடியிலும் மூக்கை நுழைத்துப் பார்த்தபடி தெருத்தெருவாகத் தேடியது. மடியில் பால் கட்டிக் கல்லாகி, காய்ச்சலில் விழுந்தது. காளிச்சாமி அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மடியைத் தொட்டுப் பார்த்த டாக்டரம்மா, குட்டிகள் எங்கே என்று கேட்டார். காளிச்சாமி நடந்ததைச் சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை. குட்டி இரண்டு மாசமாவது தாயோடு இருக்க வேண்டும், தாய்ப்பாலில்தான் அதற்குத் தெம்பு சேரும், கூடப்பிறந்ததோடு கடித்து விளையாடித்தான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று அது கற்றுக்கொள்ளும், அதற்கு முன்னால் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்றார்.

காளிச்சாமி வழக்கம்போல ‘சரிங்க’ என்றார். அவர் ஆயுசிலேயே சொன்ன கஷ்டமான ‘சரிங்க’ அதுதான். அந்த ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமானால் மற்ற எல்லோருக்கும் ‘இல்லீங்க’ சொல்லியாக வேண்டுமே.

இந்த வருஷம் ஆடி பிறந்ததும் பொம்மி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகைக்கு அடியில் நான்கு குட்டி போட்டது. மூன்று சுத்தக் கறுப்பு. ஒன்று மட்டும் அம்மாவை அச்சாக உரித்து வைத்த நாலுகண்ணு. தெருக்காரர்களைச் சமாளிக்கிற வேலையைக் காளிச்சாமியின் மனைவி அன்புக்கரசி எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறவர்; முட்டை இன்னொன்று கேட்கிற பிள்ளைகளை வருஷக்கணக்காகச் சமாளித்தவருக்கு இது ஒரு பெரிய வேலையில்லை. ரெண்டு மாசம் கழிச்சு வாங்கண்ணா என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிடுவார். காளிச்சாமி ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டுக்குள் நுழைந்து தப்பித்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஒருநாள் மத்தியானம் நரசிம்மலு நேராக லேத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முதலாளி கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். காளிச்சாமிக்குக் கை நசுங்கியபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். அவர் காரமடைப் பக்கம் தோட்டம் வாங்கி, அதில் பெரிதாக வீடு கட்டியிருந்தார்.

“காளி, ஆவணியில மொத முகூர்த்தத்துல புது ஊடு புகறோம். நாலுகண்ணு நாய்க்குட்டி ஒண்ணு அன்னைக்கே வாசப்படி தாண்டோணும்னு ஜோசியர் சொல்லிப்போட்டார். உங்கூட்டுல ஒண்ணு இருக்குதாமா?”

“சரிங்க மொதலாளி” என்றது காளிச்சாமியின் வாய்.

வாய்தான் சொன்னது. மனசு அதைத் தடுப்பதற்குள் நரசிம்மலு அவர் தோளில் தட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த முகூர்த்தத்தன்று குட்டிகளுக்கு ஒரு மாசம்தான் நிறைந்திருக்கும். காளிச்சாமி அன்றைக்குச் செய்த வேலை இரண்டு முறை அளவு தப்பியது.

வீட்டில் சொன்னபோது அன்புக்கரசி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்று காளிச்சாமிக்கு இருந்தது. “ஏனுங்க, இந்தத் தடவையும் குட்டியத் தூக்கிக் குடுத்துப்போட்டு வந்தீங்கன்னா, பொம்மி மூஞ்சியில நீங்களே முழிச்சுக்கங்க. என்னால முடியாது” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டார்.

மறுநாளிலிருந்து காளிச்சாமி பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். சரவணம்பட்டியிலிருந்து பீளமேடு போகிற வழி முழுக்க, ஹெல்மெட்டுக்குள் ‘இல்லீங்க, முடியாதுங்க, இல்லீங்க மொதலாளி’ என்று சொல்லிக்கொண்டே போனார். சிக்னலில் பக்கத்து வண்டியில் நின்ற ஐ.டி. பையன் முணுமுணுப்பு சரியாகக் கேட்காமல், தன்னிடம்தான் வழி கேட்கிறார் என்று நினைத்து, இல்லைங்கண்ணா எனக்கும் இந்த ஊரு இல்லை என்று பதில் சொன்னான். அந்த வேகத்தோடு முதலாளியின் அறைக்குப் போய் நின்றார். நரசிம்மலு அப்போதுதான் வந்திறங்கிய அழைப்பிதழ்க் கட்டைப் பிரித்து, ஓரத்தில் மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையை அவர் கையில் வைத்து, குடும்பத்தோட வந்துரு காளி என்றார். காளிச்சாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாய் மறுபடியும் தன் பழைய வேலையைக் காட்டிவிட்டது.

முகூர்த்த நாளும் வந்தது. கிழக்கு வெளுக்கும்முன் பட்டறையின் குட்டியானைச் சரக்கு வண்டியோடு டிரைவர் சிக்கந்தர் வாசலில் வந்து நின்றார். குட்டியை எடுத்துவரப் பூ சுற்றிய ஒரு சின்னக் கூடையும் அதில் ஒரு மஞ்சள் துணியும் அம்புஜம் கொடுத்தனுப்பியிருந்தார். அம்புஜம் முதலாளியின் மனைவி. காளிச்சாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நாலுகண்ணு பால் குடித்துக்கொண்டிருந்தது. இழுத்தபோது விடவில்லை; காம்போடு ஒட்டிக்கொண்டு வந்து, கடைசியில் ‘ப்ளக்’ என்று கழன்றது. பொம்மி அவரைக் கடிக்கவில்லை, உறுமக்கூட இல்லை. எழுந்து, அவர் கையிலிருந்த குட்டியை ஒருமுறை நக்கிவிட்டு, அவர் பின்னாலேயே நடந்துவந்து வண்டியின் பின்பக்கத்தில் முன்காலைத் தூக்கிவைத்து நின்றது. போன வருஷம் அது தெருத்தெருவாக அலைந்ததெல்லாம் காளிச்சாமிக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

குட்டியையும் கூடையையும் அன்புக்கரசியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். துணிக்கடை அட்டைப்பெட்டி ஒன்றில் சாக்கை விரித்து, மிச்ச மூன்று குட்டிகளையும் அதில் போட்டுத் தூக்கிவந்தார். நாலுகண்ணையும் அதிலேயே விட்டார். பொம்மியை ஏற்றினார். ஒண்ணுதானுங்கண்ணா சொன்னாங்க என்று சிக்கந்தர் இழுத்தார். தெரியும் ஓட்டு என்றார் காளிச்சாமி. இப்படி ஒரு குரலை அவரிடம் அதற்கு முன்னால் சிக்கந்தர் கேட்டதில்லை. மறுபேச்சுப் பேசாமல் வண்டியை எடுத்தார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிற வழியெல்லாம் காளிச்சாமிக்கு ஒரே நினைப்புதான். வண்டி நிறைய நாயை ஏற்றிவிடலாம், முதலாளியிடம் வாய் திறந்து சொல்ல வேண்டுமே. வேலை போய்விடுமோ என்றுகூடப் பயம். அன்புக்கரசி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாமி பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

காரமடைத் தோட்டத்தில் வாழைமரம் கட்டி, மேளம் வாசித்து, உறவுக்காரர்கள் பட்டுச்சேலையும் பட்டுவேட்டியுமாக நின்றிருந்தார்கள். வாசலில் பசுவும் கன்றும் தயார். நேரம் நெருங்குகிறது என்று ஐயர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பீளமேட்டில் அடுத்த முகூர்த்தம் காத்திருந்தது. வண்டியிலிருந்து பொம்மி குதித்ததும் இரண்டு பட்டுச்சேலைகள் பின்னால் நகர்ந்தன.

நரசிம்மலு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இதென்ன காளி, திருவிழாக் கூட்டமாட்ட? குட்டிய மட்டும் அம்புஜத்துகிட்டக் குடுத்துப்போடு. தாயை வண்டியிலயே கட்டு.”

“இல்லீங்க” என்றார் காளிச்சாமி.

சத்தமாகக்கூட வரவில்லை. ஆனால் வந்துவிட்டது. மேளக்காரர் தற்செயலாக அந்த நேரத்தில்தான் கையை நிறுத்தியிருந்தார் என்பதால், அது வாழைமரத்தடியில் நின்றவர்கள்வரை கேட்டது. நரசிம்மலு கோபப்படவில்லை, முதலில் அவருக்குப் புரியவே இல்லை. பட்டறையில் வாயைத் திறந்தால் ஒரே சொல்லைச் சொல்கிற மனிதர் வேறு எதையோ சொல்கிறாரே என்று பார்த்தார்.

“அன்னைக்கு நான் சரிங்கன்னு சொன்னது தப்புங்க மொதலாளி. ரெண்டு மாசம் ஆகாம குட்டியத் தாய்கிட்ட இருந்து பிரிக்க மாட்டனுங்க. போன வருசம் அஞ்சயும் கண்ணு தொறந்ததும் தூக்கிக் குடுத்தனுங்க. அஞ்சும் செத்துப்போச்சுங்க.”

கூட்டத்தில் ஒரு பெரியவர், நல்ல நேரத்தில் சாவைப் பற்றி என்ன பேச்சு, ஒரு நாய்க்குட்டிக்கா இத்தனை நியாயம் என்று கனைத்தார். காளிச்சாமிக்குக் காது சூடானது. திரும்பி ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போது வாசலில் நின்ற கன்று பசுவின் மடியை முட்டிக் குடிக்க ஆரம்பித்ததை அவர் பார்த்தார்.

“அங்க பாருங்க மொதலாளி. பசுவக் கன்னோடதானுங்க உள்ள கூட்டறீங்க. கன்னைப் பிடுங்கி வெளிய கட்டிப்போட்டுட்டுப் பசுவ மட்டும் யாராச்சும் கூட்டுவாங்களா? இதும் தாயும் புள்ளையுந்தானுங்க.”

எல்லோரும் பசுவையே பார்த்தார்கள். கனைத்த பெரியவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். பைரவர் குடும்பத்தோடு வந்தால் இரட்டிப்பு விசேஷம்தான், சாஸ்திரத்தில் ஒரு தடையும் இல்லை, ஆனால் நேரத்துக்குத் தடை உண்டு என்று ஐயர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நரசிம்மலு மனைவியைப் பார்த்தார். அம்புஜம் குனிந்து பெட்டியைப் பார்த்தார். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. பொம்மி பெட்டியின் விளிம்பில் தாடையை வைத்து நின்றிருந்தது.

“எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க காளிச்சாமி” என்றார் அம்புஜம். “நீங்களே முன்னால வாங்க. அது வேற யார் பின்னாலயும் வராது.”

அப்படித்தான் புது வீடு புகுந்தார்கள். முதலில் பசுவும் கன்றும். அடுத்துக் காளிச்சாமி, அவர் காலை ஒட்டிப் பொம்மி. பின்னால் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சிக்கந்தரும் அன்புக்கரசியும். அதற்கப்புறம்தான் குத்துவிளக்கும் பட்டும் சீர்த்தட்டும். காளிச்சாமியின் அப்பா அந்தக் குடும்பத்தின் பழைய வீட்டுக்கு வெளியே வேப்பமரம்வரைதான் போனவர். கூழானாலும் சோறானாலும் அங்கேயே கொடுத்தனுப்புவார்கள். அவர் மகன் புது வீட்டு வாசற்படியை மேளம் முழங்க, வலதுகாலை எடுத்துவைத்துத் தாண்டினார். எனக்குச் சொல்லும்போதே சந்தோஷமாக இருக்கிறது; அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

புதுத் தரையில் பசு கோமியம் விட்டால் நல்லது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பசு ஏமாற்றிவிட்டது. பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட நாலுகண்ணு ஏமாற்றவில்லை. பளபளக்கிற கிரானைட்டில் கூடத்தின் நட்டநடுவில் அது உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்து முதலில் சிரித்தவர் நரசிம்மலுதான்.

பந்தி முடிந்ததும் காளிச்சாமி குட்டிகளைப் பெட்டியில் எடுத்துவைத்தார். குட்டி உங்களுதுதான், அதில் மாற்றமில்லை, பால்குடி மறந்து தடுப்பூசி போட்டதும் சொல்லியனுப்புகிறேன் என்று முதலாளியிடம் சொன்னார். சிக்கந்தரை அனுப்புகிறேன் என்றார் நரசிம்மலு. ஒருதடவை சொல்லிப் பழகிய நாக்கு இரண்டாம் தடவை தயங்கவில்லை.

“இல்லீங்க. நீங்கதான் ஊட்டுக்கு வந்து வாங்கிக்கோணும்.”

திங்கட்கிழமை பட்டறைக்குள் நுழைகிறபோது காளிச்சாமிக்குப் பயம் இருக்கத்தான் செய்தது. ஒன்றும் நடக்கவில்லை. நரசிம்மலு லேத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். மறுநாளும் கேட்டார். பல் முளைத்ததா, ராகிக்கூழ் நக்குகிறதா, மற்ற மூன்றும் அதை அடிக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக விசாரணை வளர்ந்தது. காளிச்சாமி போனில் படம் எடுத்துவந்து காட்ட ஆரம்பித்தார். அண்ணன் ஒருவனுடைய காதைக் கவ்வி, அவன் கத்தியதும் நாலுகண்ணு வாயைத் திறந்து விட்டுவிடுகிற வீடியோவை முதலாளி மூன்று முறை போடச்சொல்லிப் பார்த்தார். சரவணம்பட்டியிலும் சேதி பரவிவிட்டது. அவ்வளவு பெரிய மொதலாளியே காத்திருக்கிறார், உனக்கென்ன அவசரம் என்று மளிகைக்கடைக்காரரே மற்றவர்களை மடக்கினார். அன்புக்கரசிக்குக் கதவைச் சாத்துகிற வேலை குறைந்தது.

இரண்டு மாசம் முடிந்தது. குட்டிகள் பால் கேட்டு வந்தால் பொம்மியே உறுமி விரட்ட ஆரம்பித்திருந்தது. துவைக்கிற கல்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு அவற்றை எட்டவிடாது. நான்குக்கும் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டாயிற்று. டாக்டரம்மா நான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் காளிச்சாமியைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நரசிம்மலுவும் அம்புஜமும் வந்தார்கள். சந்துக்குள் கார் வராது. தெருமுக்கில் நிறுத்திவிட்டு நடந்துதான் வந்தார்கள். அந்தத் தெருவுக்குள் அந்தக் குடும்பத்தார் யாரும் அதுவரை கால் வைத்ததில்லை. வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். காளிச்சாமி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நரசிம்மலு உட்கார்ந்து, அன்புக்கரசி கொடுத்த டீயைச் சில்வர் டம்ளரில் வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். அம்புஜம் உள்ளே போய்ச் சமையல்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“தூக்கிக்கட்டுமா காளிச்சாமி?” என்று கேட்டார் நரசிம்மலு.

“இப்பத் தூக்கிக்கங்க மொதலாளி.”

கொழுகொழுவென்று இருந்த நாலுகண்ணு அவர் கைக்குள் வந்ததும் சட்டைப் பொத்தானைக் கடித்துப் பார்த்தது. பொம்மி முக்குவரை கூடப் போனது. கார்க் கதவைத் திறந்துவைத்து அம்புஜம் குட்டியை அதன் முகத்துக்கு நேரே நீட்டினார். பொம்மி குட்டியை மோந்தது, அம்புஜத்தின் கையை மோந்தது. கார் கிளம்பியது. காளிச்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொம்மி காரின் பின்னால் ஓடவில்லை. திரும்பி நடந்து வந்து, தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு, நிழல் பார்த்துக் காலை நீட்டிப் படுத்தது.

காளிச்சாமிக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து எந்த வீட்டு கேட்டுக்கு அடியில் மூக்கை நுழைக்கப்போகிறதோ என்று வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் எழுந்து சோறு தின்றது. மிச்ச மூன்றும் வாலைப் பிடித்து இழுத்தபோது ஒரு அதட்டுப் போட்டது. மறுபடியும் படுத்துக்கொண்டது. வெயில் இறங்கிய பிறகு காளிச்சாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி, உள்ளே இருந்த அன்புக்கரசியிடம் சொன்னார்:

“அம்மணி, இங்க வந்து பாரு. பொம்மி தேடலை.”